எண்பத்தேழு கேட்டவருக்குத் தொண்ணூற்றொன்று ஊற்றினேன்

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத என் அன்பானவருக்கு,

போன கிழமை பேப்பர்காரத் தம்பி போன் எடுத்தார். உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறதாம், நினைவஞ்சலி போட வேண்டுமாம், படமும் நாலு வரிக் கவிதையும் அவரிடமே ஆயத்தமாக இருக்கிறதாம். அந்த நாலு வரியை ஏற்கெனவே ஆறு பேருடைய படத்துக்குக் கீழே வாசித்துவிட்டேன். "நானே எழுதித் தாறன் தம்பி" என்றேன். "சுருக்கமா எழுதுங்கோ அக்கா" என்றார். சுருக்கமாகப் பேசத் தெரிந்தவளாக இருந்தால் உங்களோடு பதினேழு வருடம் சண்டை பிடித்திருப்பேனா?

நாலு பேர் வாசிக்க வேண்டும் என்றுதான் இதைப் பேப்பருக்குக் கொடுக்கிறேன். உங்களைப் பற்றி இந்த ஸ்காபரோவில் ஒரு பிழையான கதை உலாவுகிறது. "பாவம், நல்ல மெக்கானிக்தான். ஆனால் தானே கட்டின அந்த பிளேன் அவருக்குச் சரிவரவில்லை. பெற்றோல் தாங்கியைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை." பிறந்தநாள் வீடு, கலியாண வீடு என்று போன இடமெல்லாம் இந்தக் கதையை முதலில் சொன்னவர் நீங்களேதான். சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். அது பிழையான கதை என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வந்தபோது நீங்கள் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கவிதாவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள், வாயில் எப்போதோ தாண்டிவிட்டாள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்பியூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று நான் வேலை செய்கிற காஸ் ஸ்ரேஷனில் ஒரே பேச்சு. பம்பும் நிற்குமா என்று ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் கேட்டார். நான் என்ன, பம்புக்குச் சாத்திரம் பார்க்கிறவளா? வாசலில் பனி முழங்கால் அளவு கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய மெஷினை எங்கள் பக்கமும் ஒரு தரம் ஓட்டிவிட்டுப் போகிறார். நீங்கள் கடைசியாகப் பிடித்த, பனி வழிக்கிற சவளைப் பேஸ்மென்டில் பூட்டி வைத்திருக்கிறேன். கவிதாவைத் தொட விடுவதில்லை.

இனிப் பெற்றோல் கதைக்கு வருகிறேன்.

விட்பிக்கு அங்காலே, சோளக் காட்டுக்கு நடுவில் உள்ள அந்தச் சின்ன ஓடுபாதைக்கு நீங்கள் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கொண்டுபோன சிவப்புப் பெற்றோல் கான்கள் இரண்டையும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நிரப்பிக்கொண்டு வந்தவள் நான். நீங்கள் கேட்டது ரெகுலர், பம்பில் உள்ளதில் மலிவான பெற்றோல். எண்பத்தேழு. இரண்டு வருடமாக அந்தக் கான்களுக்குள் இருந்தது ரெகுலர் இல்லை. பிரீமியம். தொண்ணூற்றொன்று. ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

இப்போது நீங்கள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிகிறது. பாருங்கோ. பார்க்கத்தான் வேண்டும்.

நீங்கள் எதையும் முழுதாகச் சொல்கிற ஆள் இல்லை. மோதி நொருங்கிய ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்து விமானத்துக்கென்று அந்த எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்த அன்று நீங்களும் அல்பிரட் அண்ணையும் எங்கள் சமையலறை மேசையில் அதைப் பிரித்து வைத்திருந்தீர்கள். மேலும் கீழும் போகிற பிஸ்டனே இல்லாத எஞ்சின். உள்ளே முட்டை வடிவில் ஒரு கூடு, அதற்குள் சுற்றுகிற ஒரு முக்கோணம், அவ்வளவுதான். நான் பிட்டு அவிக்க இடம் தேடிக்கொண்டு நின்றேன்.

அல்பிரட் அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் ஆள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மிச்சம் பிடித்துப் பிடித்து விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர். பிறகு நீங்களும் எடுத்தீர்கள். அன்றைக்கு அவர், "பிளேனுக்கு பிளேன் பெற்றோல்தானே தம்பி அடிக்கோணும். எயார்போட் பம்பிலயே அடிப்பம்" என்றார்.

"அதுக்குள்ள ஈயம் இருக்கு அண்ணை. இந்த எஞ்சின்ர பிளக்கில போய்ப் படியும். கார் பெற்றோல்தான் இதுக்குச் சரி. ரெகுலர் காணும்."

"ஏன், நல்லதா அடிச்சா எஞ்சின் என்ன கோவிக்குமோ?" என்று கேட்டது நான்.

அப்போதுதான் எனக்கு ஒக்டேன் பாடம் எடுத்தீர்கள். அந்த எண் பெற்றோலின் பலம் இல்லை, பொறுமை என்றீர்கள். நெருப்புப் பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு நெருக்குதலைப் பொறுக்கும் என்பதன் கணக்கு. இந்த எஞ்சினில் தகதகவென்று கொதிக்கிற வால்வுகள் இல்லாதபடியால் குறைந்த பொறுமையே போதுமாம். "அப்ப எனக்கு எத்தினை?" என்று கேட்டேன். "உமக்கோ? அறுபதும் வராது" என்றீர்கள். அல்பிரட் அண்ணை தேத்தண்ணீர் புரைக்கேறும்வரை சிரித்தார்.

ஆனால் நான் நம்பவில்லை. நீங்கள் "காணும்", போதும் என்று சொல்லாத பொருள் எது? பழைய ஜக்கெற் காணும். பிய்ந்த சப்பாத்துக் காணும். கவிதாவுக்கும் எனக்கும் புதுசு வாங்கிவிட்டு உங்களுக்கு மட்டும் எல்லாம் காணும். இதுவும் அந்தக் "காணும்"தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு, இதை உங்களிடம் சொன்னதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை போட்ட நாட்களில் நாங்கள் எதில் ஓடினோம்? மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் கார்பரேற்றருக்குள் நாலு துளி விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்கள். வெள்ளைப் புகை. நடுவில் இருந்த கவிதா இருமிக்கொண்டே வருவாள். அந்தப் போத்தலில் இருந்து ஒரு துளி சிந்தியதற்கு ஒருநாள் என்னோடு இரண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்தீர்கள். அப்படி இருந்தவள், இங்கே மல்வேர்னில் பெற்றோல் ஆறாக ஓடுகிற இடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் மனுசன் ஆகாயத்தில் பறக்கப்போகிறார். அவருக்கு நான் மட்டமானதை நிரப்புவேனா? போதாக்குறைக்கு அதில் எண் வேறு போட்டிருக்கிறான். தொண்ணூறு புள்ளி எடுக்காத பிள்ளையை எங்கள் ஊரில் யார் மதித்தார்கள்? பக்கத்தில் தொண்ணூற்றொன்று இருக்கும்போது எண்பத்தேழுக்கு என் கை போகவில்லை. கூடுதல் விலையை உங்களுக்குக் காட்டவும் இல்லை.

அந்த பிரீமியம் பம்பில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் சோளப்பொத்தி படம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன். சோளம் நல்ல பொருள்தானே என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

முதல் கோடையில் தாங்கி பழுதானது. ஓடுபாதை ஓரத்தில் விமானத்தைக் கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டபோது, நல்லாக ஓடிக்கொண்டிருந்தது இருமி இருமி நின்றதாம். பெற்றோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தோல் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. தாங்கியின் உள்ளே நீங்கள் பூசிய பூச்சு உரிந்து வந்திருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "பூச்சுச் சரியாப் போடேல்லை. என்ர பிழைதான்" என்றீர்கள். அந்தக் கோடை முழுவதும் அதைச் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசினீர்கள். அடுத்த கோடையும் அதே கதை. அந்த முறை நீங்கள் கை கழுவவில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

"என்னப்பா, சோறு ஆறுது."

"கை பழசாப் போச்சுப் போல, யோகம். ஊரில நான் பூசினது ஒண்டும் இப்பிடி உரிஞ்சதில்லை."

நான் என்ன செய்தேன்? ரசம் விட்டேன். "எல்லாம் சரிவரும், சாப்பிடுங்கோ" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே பம்பில் அதே பிரீமியத்தை இரண்டு கானிலும் கழுத்துவரை நிரப்பினேன். மனுசன் சோர்ந்து போனாரே, பெற்றோலாவது நல்லதாகக் கொடுப்போம் என்று.

அதற்குப் பிறகுதான் வீடுகளில் உங்களைப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். "என்ன அண்ணை, உங்கட பிளேன் நிலத்திலதானோ ஓடும்?" நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்கு அவர்களுடைய வாயில் மிளகாய்த்தூள் போட வேண்டும்போல இருக்கும். மூன்றாம் முறை பூசி, இலையுதிர் காலத்தில் தாங்கியை நிரப்பி, பனி முடிந்ததும் முதல் பறப்பு என்று சொல்லிவைத்தீர்கள். மாசி மாதம் ஒரு காலை, வாசலில் பனி வழிக்கப் போனீர்கள், திரும்ப உள்ளே வரவில்லை. நான் வேலையில் நின்றேன். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

மூன்று மாதம் கழித்து அல்பிரட் அண்ணை வந்தார். "தங்கச்சி, அவன் தொடங்கினதை நான் முடிக்கிறன். இன்ஸ்பெக்ரர் பாத்து, கையெழுத்தும் வைச்சிட்டார். வாற சனிக்கிழமை நான் தனியா ஏத்திப் பாக்கிறன். அவன்ர குறிப்புப் புத்தகம் மட்டும் வேணும்" என்றார். எனக்கு அழுகையும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கவிதா உங்கள் மேசை லாச்சியில் இருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எனக்காகத் தமிழில் வாசித்தாள்.

"சனிக்கிழமை. பெற்றோல்: ரெகுலர் எண்பத்தேழு. அல்ககோல் இல்லை. கொண்டுவந்தது: மனைவி. அடுத்த சனிக்கிழமை. ரெகுலர் எண்பத்தேழு. அல்ககோல் இல்லை. கொண்டுவந்தது: மனைவி. அம்மா, எல்லாப் பேஜிலயும் ஸேம் திங். வை நோ அல்ககோல்?"

"தெரியேல்லை."

அவள் பக்கங்களைப் பிரட்டினாள். முதல் பக்கத்தில் நீங்கள் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். இந்தப் பூச்சு அல்ககோல் கலந்த பெற்றோலில் இளகும், அது கலக்காத பெற்றோல் மட்டும்தான் பாவிக்க வேண்டும் என்று. "அம்மா, சோளத்தில இருந்துதான் அந்த அல்ககோல் செய்யிறவை. உங்கட ஸ்ரேஷனிலயும் ஒரு பம்பில ஸ்டிக்கர் இருக்கு, கோர்ன் படத்தோட. தட்ஸ் இட்" என்றாள்.

 ஏன் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்? ஒக்டேன் பற்றி அரை மணித்தியாலம் பேசினீர்களே, சோளத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசியிருக்கக் கூடாதா? சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பீர்கள். ரெகுலர் கேட்டால் ரெகுலர் வரும் என்று நம்பியிருப்பீர்கள். "மனைவி" என்று எழுதினால் பிறகு அதைச் சோதிக்கத் தேவையில்லை என்று.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஒளிக்கத்தான் பார்த்தேன். இந்தக் கிழமை ரெகுலரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? சொன்னால் அல்பிரட் அண்ணை என்ன நினைப்பார்? புருசனுடைய இரண்டு கோடையைத் தின்றவள் என்று ஊர் சொல்லாதா? அது பொய்யும் இல்லையே. நீங்கள் கேட்டதை நான் கொண்டுவந்திருந்தால் முதல் கோடையிலேயே பறந்திருப்பீர்கள். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் கல்லாவில் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தேன்.

ஆனால் அந்தத் தாங்கி பனிக்காலம் முழுவதும் நான் கொண்டுவந்த பெற்றோலில் ஊறிக்கிடக்கிறது. அதை நம்பி ஒரு மனுசன் சனிக்கிழமை மேலே ஏறப்போகிறார். அவருக்கும் ஒரு மனைவி இருக்கிறாள். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஸ்ரேஷன் போனில் இருந்தே அழைத்துச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். 

"அண்ணை, நிக்கிறியளோ?"

"ஓம். சனிக்கிழமை பறக்கேல்லை. நீரும் வாரும். திறந்து பாப்பம்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

கவிதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் காரில் வைத்துச் சொன்னேன். விட்பி தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். கொட்டகையில் அல்பிரட் அண்ணை பெற்றோலை வடித்துவிட்டு, தாங்கி மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டார். பூச்சு பாலாடை மாதிரி விரலோடு வந்தது. கொஞ்ச நேரம் அதைத் துணியில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சின் மேல போய்த்தான் நிண்டிருக்கும்" என்றார். "நீர் சொல்லாட்டி நான் இண்டைக்குச் சோளக் காட்டுக்குள்ள."

"ஏன் அண்ணை, தொண்ணூற்றொண்டு கூடாதோ?"

"எண் ஒண்டும் செய்யாது தங்கச்சி. இந்த எஞ்சின் எதிலயும் ஓடும். கலந்திருந்த அல்ககோல்தான் வேலை செய்திருக்கு. அதில எந்தக் கொம்பன் பூசினாலும் உரியும்."

"அப்ப அவற்ர கை?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முரட்டு மனுசனுக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன். "அவன்ர கையில என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை" என்றார். கவிதா வந்து என் தோளில் தலையை வைத்தாள். நான் அந்தக் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, செத்தவீட்டில்கூட அழாத அழுகை அழுதேன்.

அந்தக் கோடையில் தாங்கியைச் சுரண்டியது நான்தான். அல்பிரட் அண்ணை தானே செய்கிறேன் என்றார், விடவில்லை. சனிக்கிழமைகளில் முகமூடி கட்டிக்கொண்டு, கை முழங்கைவரை உள்ளே விட்டுச் சுரண்டினேன். நீங்கள் எழுதிவைத்தபடி அளந்து, கலந்து, பூசி, காயவிட்டோம். மூலைகளில் பூசுவது எவ்வளவு கரைச்சல் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை மூன்று தரம் செய்தீர்களே. பெற்றோலோடு கலக்கும் எண்ணெயை என்னுடைய அரிசிக் கோப்பையில் நீங்கள் அளந்ததற்குப் போட்ட சண்டையை நினைத்து வெட்கமாக இருந்தது.

குறிப்புப் புத்தகத்தில் "ரெகுலர்" என்று இருந்த ஒவ்வொரு வரியையும் நானே வெட்டி, "பிரீமியம், அல்ககோல் கலந்தது" என்று திருத்திக் கையெழுத்து வைத்தேன். கவிதாதான் ஆங்கில எழுத்துச் சொல்லித் தந்தாள். "கொண்டுவந்தது: மனைவி" என்பதை வெட்டவில்லை. அது உண்மைதானே.

புரட்டாதியில், காற்றில்லாத ஒரு காலை, ரெகுலர் எண்பத்தேழு நிரப்பி, அல்பிரட் அண்ணை ஏறினார். சிலுவை போட்டுக்கொண்டார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். ஓடினது, ஓடினது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு சக்கரத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கவிதா "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். விமானத்தைப் பார்த்துக் கத்தினாளா, உங்களைக் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி இறங்கி வந்தவர், "எஞ்சின் ஒருக்கால்கூட இருமேல்லை தங்கச்சி" என்றார்.

நீங்கள்தான் ஏறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பறந்ததில் சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் உங்களுடைய இரண்டு கோடையை எந்தக் கோடை திருப்பித் தரும்? என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கமாட்டேன். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே இதை வாசிக்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய வேலையில் ஒரு பிழையும் இல்லை. அவர் கேட்டதை விட்டுவிட்டு நல்லது என்று நான் நினைத்ததைக் கொடுத்தேன். இனி எந்த வீட்டிலாவது அந்தத் தாங்கிக் கதையைச் சொல்வதாக இருந்தால், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஆளேற்றாமல் இன்னும் சில மணித்தியாலம் பறந்து முடிக்க வேண்டுமாம். அது முடிந்ததும், வருகிற கோடையில், விமானியின் பக்கத்து இருக்கையில் நான் ஏறுவேன். நீங்கள் இருந்தபோது எத்தனை தரம் கேட்டீர்கள், "தலை வெடிச்சாலும் ஏறமாட்டன்" என்றேனே, அந்த நான்தான். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் நீங்கள் பூசிய இறகில், நீங்கள் முடுக்கிய ஆணிகளில், உங்கள் கையை நம்பி ஏறுவேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
கவிதாவின் அம்மா,
யோகம்